‘எங்க வூட்டக் காணோம்’ – தொலைந்த உலகங்கள் மீட்கும் கடையிலிருந்து

போன் ரிப்பேர் கடையில உட்கார்றவங்களுக்கு ரெண்டே ரெண்டு வித்தை தெரிஞ்சா போதும்: ஒண்ணு, ஸ்க்ரூவைத் தொலைக்காம கழட்டறது, இன்னொண்ணு, எதிர்ல நிக்கிறவங்க அழுவுறப்போ சிரிக்காம இருக்கறது. முதல் வித்தையை ஆறு மாசத்துல கத்துக்கினேன். ரெண்டாவது எனக்கு இன்னும் வரல.

என் பேரு மாலதி. வீடு விழுப்புரம், கடை திண்டிவனம். காலையில ஒரு பஸ்ஸு, சாயந்திரம் ஒரு பஸ்ஸு, நடுவுல முழுக்க அடுத்தவங்க போனு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து சந்துல, ஜெராக்ஸ் கடைக்கும் ஸ்வீட் ஸ்டாலுக்கும் நடுவுல இருக்கிற எட்டடிக் கடை. சாஃப்ட்வேர் நான் பார்ப்பேன், ஹார்டுவேர் ஜோசப் அண்ணன் பார்ப்பாரு. சால்டரிங் பண்ணும்போது அவரு வாயே திறக்க மாட்டாரு. மத்த நேரத்துல மூட மாட்டாரு.

இந்தக் கட்டை கேம் இருக்கே, அதுல சதுரம் சதுரமா மண்ணை வெட்டி, கல்லை அடுக்கி, வீடு, கோட்டை, வயக்காடுன்னு எது வேணும்னாலும் கட்டிக்கலாம். அப்படிக் கட்டினது மொத்தத்துக்கும் ‘உலகம்’னு பேரு. அந்த உலகம் போனுக்குள்ள ஒரு ஃபோல்டரா உட்கார்ந்திருக்கும். அது காணாம போனா ஜனங்க படற பாடு இருக்கே, ரேஷன் கார்டு தொலைஞ்சாகூட அவ்வளவு அழ மாட்டாங்க. பாவமேன்னு ஒண்ணு ரெண்டு பேருக்குத் தேடிக் குடுத்தேன். உடனே ஜோசப் அண்ணன் ஒரு அட்டையை எடுத்து, ‘இங்கு தொலைந்த உலகங்கள் மீட்டுத் தரப்படும்’னு மார்க்கர்ல எழுதி வாசல்ல மாட்டிட்டாரு. அன்னியோட என் நிம்மதி போச்சு. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகினு தினம் பேஜாராகிற என்னை மாதிரி ஜனங்களே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்றேன். பேரை மட்டும் மாத்திட்டேன்.

பையனோட உலகம்

அட்டையைப் பார்த்துட்டு முதல் முதல்ல வந்தவரு ஒரு பேங்க் கேஷியர். ஐம்பதை நெருங்கற வயசு, நெத்தியில விபூதி, பாக்கெட்டுல ரெண்டு பேனா. வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டுல சுத்தி, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கினு வர்ற மாதிரி தூக்கிக்கினு வந்தாரு. “பையனோட கேமும்மா. சேவ் ஆயிக்கினு இருக்கறப்போ கரண்ட் போயிடுச்சு. இப்ப லிஸ்ட்ல உலகமே இல்ல. பையன் சோறு தண்ணி இல்லாம கிடக்கான்”னாரு. அவரு மூஞ்சியைப் பார்த்தா அவருதான் சாப்பிட்டு ரெண்டு நாள் ஆன மாதிரி இருந்துது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்குங்க. ஒவ்வொரு உலகத்துக்கும் தலை மாதிரி ஒரு சின்ன ஃபைல் உண்டு. அது கெட்டுப் போச்சுன்னா, உடம்பு மொத்தமும் முழுசா இருந்தாலும் கேமுக்கு அடையாளம் தெரியாது. லிஸ்ட்ல பேரைக் காட்டாது. ஆனா அதுக்குப் பக்கத்துலயே போன தடவை சேவ் ஆன பழைய தலை ஒண்ணு, பேருக்குப் பின்னாடி ‘பழசு’ன்னு போட்டுக்கினு சும்மா உட்கார்ந்திருக்கும். கெட்டதை ஓரமா தள்ளிட்டு, பழசுக்கு அந்தப் பேரை வெச்சா முடிஞ்சுது. அந்த ஃபோல்டரே கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கும். அதைத் தேடி எடுத்துப் பேரை மாத்தறதுக்கு எனக்கு நாலு நிமிஷம் ஆச்சு.

உலகம் திறந்துதுதான் தாமதம், மனுஷன் மவுஸை என் கையிலேர்ந்து பிடுங்கிக்கினாரு. கெழக்கால ஓடி, ஏணியில ஏறி, மூணாவது மாடியில திரைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்த பெட்டியைத் திறந்து, உள்ள இருந்த வைரம் அப்படியே இருக்குன்னு பார்த்துட்டுத்தான் மூச்சு விட்டாரு. “பையன் எதை எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு உங்களுக்கு அத்துப்படியா இருக்கே சார்”னேன். அவரு திரையிலேர்ந்து கண்ணை எடுக்காமலே சொன்னாரு: “அவனுக்கு இதெல்லாம் எங்கம்மா தெரியும், அவன் படிக்கிற புள்ள!”

எங்க வூட்டக் காணோம்

ஆவணி பிறந்த முதல் திங்கக்கிழமை. ஷட்டரை முழுசா தூக்கக்கூட இல்ல, கீழ குனிஞ்சு ஒரு அக்கா உள்ள வந்து, “எங்க வூட்டக் காணோங்க”ன்னாங்க. எனக்குக் காலையில டீ குடிக்காம பேசினா கோவம் வரும். “வீட்டைக் காணோம்னா போலீஸ் ஸ்டேஷன் அந்தப் பக்கம்”னுட்டேன். அந்த அக்கா கோவிச்சுக்கல. மடியிலேர்ந்து போனை எடுத்து கவுன்ட்டர் மேல வெச்சாங்க. விழுப்புரத்துல மூணு கடையில கையை விரிச்சுட்டாங்களாம். யாரோ அட்டை மாட்டின கடையைப் பத்திச் சொல்லி அனுப்பியிருக்காங்க.

பேரு அஞ்சலை. கோலியனூருக்குப் பக்கத்துல ஒரு ஊரு. அவங்களுக்குக் கழனி வேலை. புருஷன் ஆறுமுகம் பெங்களூர்ல கட்டடத்துக்குக் கம்பி கட்டற சென்டரிங் வேலை. பொண்ணு கௌசல்யா பிளஸ் ஒன். இப்போதைக்கு ஷீட்டு போட்ட ஒத்தை ரூமு, அதுல ஒரு மூலையில அடுப்பு, ஜன்னல் கிடையாது. இருபது வருஷமா பொகையில வெந்த பிறகு, காங்க்ரீட் வீட்டுக்கு சாங்ஷன் ஆகியிருக்கு. அஞ்சலை அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: அடுப்பாண்ட நின்னா ஏரி தெரியற மாதிரி ஒரு ஜன்னல். வீட்டைக் கட்டப்போற மேஸ்திரி ஆறுமுகத்தோட அக்கா புருஷன். “சமையக்கட்டுக்கு எதுக்கு ஜன்னலு, ஒன்றரை அடி வென்டிலேட்டர் போதும்”னு அவரு ஒரே பிடி. சித்திரையில ஆரம்பிச்ச சண்டை. பேசித் தீராதுன்னு தெரிஞ்சுகினு கௌசல்யா அந்த வீட்டைக் கேம்ல கட்ட ஆரம்பிச்சுட்டா. கட்டை ஒண்ணுக்கு ஒன்றரை அடி கணக்கு. அப்பா பெங்களூர்லேர்ந்து தன் போன்ல அதே உலகத்துக்குள்ள வந்து சுவரு எழுப்புவாரு. ஒவ்வொரு சண்டை தீர்ந்ததும் அந்த எடத்துல ஒரு பலகையை நட்டு எழுதி வெச்சுடுவாங்க. ‘ஜன்னல் ரெண்டு கட்டை. மேஸ்திரி ஒத்துக்கினாரு’ன்னும் ஒரு பலகை. அதை மேஸ்திரி விரலாலயே தட்ட வெச்சிருக்காங்க.

இப்ப அந்தப் பலகையோட சேர்த்து மொத்த வீடும் இல்ல. “நான் எப்ப ஒத்துக்கினேன்?”ங்கறாரு மேஸ்திரி. ஆறுமுகத்துக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவருதான், அதனால ஆறுமுகம் “மாமா சொல்றபடி ஆவட்டும்”னு சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை கடக்கால், அதான் அஸ்திவாரம், போடறாங்க. அன்னிக்கே ஜன்னல் சட்டத்துக்கும் ஆர்டர் குடுத்துடுவாங்க. எப்படித் தொலைஞ்சுதுன்னு கேட்டேன். ஆடி மாசம் வீட்டு வேலை ஆகாதுன்னு அக்கா கேம்லயும் ஒரு மாசத்துக்குத் தடை போட்டிருக்காங்க. அந்த மாசத்துல போனு ‘இடமில்லை, இடமில்லை’ன்னு கத்தியிருக்கு. சரி, விளையாட்டு சும்மாத்தானே கிடக்குன்னு இவங்களே அதைத் தூக்கிட்டாங்க. அப்புறம் பயந்துபோய் பக்கத்து வீட்ல சொல்லி மறுபடி ஏத்தியிருக்காங்க. வீட்ல யாருக்கும் தெரியாது. தானா போச்சுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. கேமைத் தூக்கினா உள்ள இருக்கற உலகமும் கூடவே போயிடும் அக்கான்னு நான் சொன்னதும், அந்த அக்கா கண்ணு ரெண்டும் நெறஞ்சிடுச்சு: “நான் விளையாட்டத்தான தங்கச்சி எடுத்தேன், வூட்ட நான் தொடவே இல்லியே!”

மூட்டைக்குள்ள மணி அடிச்சுது

செவ்வாக்கிழமை அஞ்சலை அக்கா போனை கம்ப்யூட்டர்ல மாட்டி, அழிஞ்சதைத் தோண்டி எடுக்கற சாஃப்ட்வேரை ஓட விட்டிருந்தேன். அது மெதுவா தோண்டிக்கினு இருந்துது. மேஸ்திரி அனுப்பின குட்மார்னிங் படமா வந்து விழுந்துகினே இருந்துது. ரோஜாப்பூ, சூரியன், மறுபடி ரோஜாப்பூ. “எடத்த அடைச்சதே இவருதான்”னு அக்கா பெஞ்சுல உட்கார்ந்துகினு பல்லைக் கடிச்சாங்க.

அப்போ வல்லம் பக்கத்துலேர்ந்து ஒரு விவசாயி வந்தாரு. மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டாந்தவரு. களத்துல காவலுக்கு உட்கார்ந்துகினு கேம் ஆடினவரு, அசந்து தூங்கினப்போ போன் நழுவி மல்லாட்டைக் குவியல்ல விழுந்துடுச்சு. அதை யாரும் பார்க்கல. மூட்டை பிடிச்சு, தைச்சு, வண்டியேத்தி, கமிட்டியில அடுக்கியாச்சு. இவரு ஊரெல்லாம் தேடிட்டு, கடைசியா பக்கத்துல இருந்தவரு போன்லேர்ந்து அடிச்சிருக்காரு. ஏலம் எடுக்க வந்தவங்க நிக்கும்போது ஏழாவது மூட்டைக்குள்ள மணி அடிச்சுதாம். திரை நொறுங்கி, சார்ஜ் போடற ஓட்டையில மல்லாட்டைத் தோல் அடைச்சுகினு இருந்துது. ஜோசப் அண்ணன் சாமணத்தால ஒண்ணொண்ணா உருவி எடுத்து, வேற திரை மாட்டினாரு. உலகத்துக்கு ஒண்ணும் ஆகல. பாத்தி பாத்தியா கோதுமை, நடுவுல வாய்க்கால், வரப்புல ஒரு வேலி. அவ்வளவு நேர்த்தியான கழனியை நான் நிஜத்துல பார்த்ததில்ல.

“கழனியில வேலை செஞ்சுட்டு வந்து போன்லயும் கழனியாண்ணா?”ன்னு அஞ்சலை அக்கா சிரிச்சுட்டாங்க. ரெண்டு நாள்ல அவங்க சிரிச்சு நான் பார்த்தது அப்பதான். அவரும் சிரிச்சுக்கினே சொன்னாரு: “இங்கதாம்மா மழை என் பேச்சக் கேக்குது!”

பதினாலு ஃபோல்டரும் ஒரு ஆடும்

புதன்கிழமை ஒரு கணக்கு டீச்சர், பள்ளிக்கூட டேப்லெட்டைக் கொண்டாந்தாங்க. பிள்ளைங்க ஆளுக்கொரு உலகம் கட்டி வெச்சிருக்காங்க, எல்லாத்துக்கும் ‘என் உலகம்’னே பேரு. டீச்சர் கட்டினது பனமலைக் கோயில், மலையோட, ஏரியோட. எதையாவது அழிச்சாத்தான் இடம், ஆனா தன்னோடது எதுன்னு தெரியாம அழிக்கப் பயந்துகினு நிக்கிறாங்க. ஃபோல்டர் பேரைப் பார்த்தா பூனை கீபோர்டு மேல நடந்த மாதிரி எழுத்து. மொத்தம் பதினாலு, ஒண்ணொண்ணா திறந்தோம். ஒன்பதாவதுல மலை வந்துது, படி வந்துது, கோபுரம் வந்துது, கோபுரத்து உச்சியில ஒரு ஆடு நின்னுகினு ‘மே’ன்னுது. டீச்சர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மறுபடி போட்டுப் பார்த்தாங்க: “கோயில் என்னுதுதான், ஆடு யாருதுன்னு நாளைக்குக் கிளாஸ்ல கேக்கறேன்!”

அப்பாவுக்கு அனுப்பினது

அதே புதன்கிழமை சாஃப்ட்வேர் தோண்டி முடிச்சுது. முன்னூறு ரோஜாப்பூ வந்துது, வீடு வரல. எனக்குத் துக்கமா போச்சுங்க. நாளான்னிக்குக் கடக்கால், அக்கா முகத்துல எப்படி முழிக்கறதுன்னு போனை சும்மா நோண்டிக்கினே இருந்தேன். அப்பதான் ஃபைல் அனுப்பின பட்டியல்ல ஒரு வரி கண்ணுல பட்டுது. ‘வூடு’ன்னு பேரு போட்டு ஒரு ஃபைல், அனுப்பினது ‘அப்பா’வுக்கு. ஃபைல் இப்ப போன்ல இல்ல, அனுப்பின தடம் மட்டும் இருக்கு. தேதியைப் பார்த்தேன். ஜோசப் அண்ணன் சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைத் திருப்பிப் பார்த்தாரு. ஆடி ரெண்டு.

அக்கா குடுத்திருந்த பக்கத்து வீட்டு நம்பருக்கு அடிச்சு, “ஒரு பாஸ்வேர்டு கேக்கணும், சாயந்திரம் பொண்ணை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்க”ன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். யூனிஃபார்மோட வந்து நின்னா கௌசல்யா. நான் ‘ஆடி ரெண்டு’ன்னதுமே மூஞ்சி வெளுத்துடுச்சு. அம்மா தடை போட்டதும் இவளுக்குக் கை சும்மா இருக்கல. வீட்டை ஒரு காப்பி எடுத்து அப்பா போனுக்கு அனுப்பிட்டா. அதுலேர்ந்து உலகம் அப்பா போன்ல. இவ தோழி போன்லேர்ந்து உள்ள போவா. ஆடி முழுக்க அப்பனும் மவளும் திருட்டுத்தனமா கட்டியிருக்காங்க. ஆனா ஆடி கடைசியில அப்பா போன்லயும் அது லிஸ்ட்லேர்ந்து போயிடுச்சாம். “அப்புறம் ஏண்டி யார்கிட்டயும் சொல்லல?”ன்னு அதட்டினேன். அவ பையோட வாரைப் பிடிச்சுக்கினு அழுவுற மாதிரி சொன்னா: “அம்மா போன்லயும் போச்சு, அப்பா போன்லயும் போச்சு, ஆடியில கட்டினதாலதான் ரெண்டும் போச்சுன்னு அம்மா நினைச்சுக்குவாங்கக்கா!”

சமையக்கட்டுப் பக்கம் போவாதீங்க

அன்னிக்கே ஆறுமுகத்துக்குப் போன் பண்ணி, “போன்ல எதையும் தொடாதீங்க, எதையும் கிளீன் பண்ணாதீங்க, அப்படியே கொண்டாங்க”ன்னு மிரட்டி வெச்சேன். எப்படியும் கடக்காலுக்கு அவரு வரணும். வியாழக்கிழமை காலையில செஞ்சி வழியா வந்த பஸ்ஸுலேர்ந்து இறங்கி, தோள்ல பையோட நேரா கடைக்கு வந்துட்டாரு. ஒல்லியான மனுஷன். உட்காருங்கன்னா உட்கார மாட்டாரு. போனைப் பார்த்தா பேட்டரி உப்பி, முதுகு புடைச்சுகினு நிக்குது. ஆடி கடைசியில சைட்ல உட்கார்ந்து கட்டிக்கினு இருந்தப்போ, சேவ் ஆகிற நேரம் பார்த்து பொட்டுனு அணைஞ்சிருக்கு.

எனக்கு பேங்க் கேஷியர் ஞாபகம் வந்துது. ஜோசப் அண்ணன் வேற பேட்டரி குடுத்து உசுரு வர வெச்சாரு. உள்ள போய்ப் பார்த்தேன். ஃபோல்டர் இருக்கு. உடம்பு முழுசா இருக்கு. தலை ஃபைல் மட்டும் வெறும் சைபர். பக்கத்துலயே ‘பழசு’, சமத்தா உட்கார்ந்துகினு இருக்கு! மொத்தத்தையும் முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, பேரை மாத்தி, கேமைத் திறந்தேன். லிஸ்ட்ல முதல் வரியிலேயே ‘வூடு’. நான் கத்தின கத்துல ஸ்வீட் ஸ்டால்காரரு ஓடி வந்துட்டாரு. ஆறுமுகம் ரெண்டு கையையும் தலைமேல வெச்சுக்கினு தரையில உட்கார்ந்துட்டாரு.

மதியம் எல்லாரையும் வரச் சொல்லியாச்சு. அதுவரைக்கும் கணக்குப் பார்த்தா, கேமைத் தூக்கினது அஞ்சலை அக்கா, அது பொண்ணுக்குத் தெரியக்கூடாது. ஆடியில கட்டினது பொண்ணு, அது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. “மாலு, இது ரிப்பேர் கடையா, பாவமன்னிப்புக் கூண்டா?”ன்னாரு ஜோசப் அண்ணன். நான் பலகையெல்லாம் சரியா இருக்கான்னு வீட்டுக்குள்ள போய்ப் பார்க்கலாம்னு விரலை வெச்சேன். தரையில உட்கார்ந்திருந்த ஆறுமுகம் பதறிப்போய் எழுந்தாரு: “அஞ்சலை வர்ற வரைக்கும் சமையக்கட்டுப் பக்கம் மட்டும் போவாதீங்கம்மா!”

மேஸ்திரி கண்ணாடி போட்டுக்கினாரு

மதியம் ரெண்டு மணிக்கு எட்டடிக் கடையில ஆறு பேரு. அஞ்சலை அக்கா, லீவு போட்டுட்டு வந்த கௌசல்யா, ஆறுமுகம், நாங்க ரெண்டு பேரு, நடுவுல மேஸ்திரி. வெள்ளை வேட்டி, முழுக்கை சட்டை, கம்பீரமான ஆளு. “விளையாட்டுப் பொம்மையப் பாக்கவாய்யா விழுப்புரத்துலேர்ந்து வரவழைச்சீங்க”ன்னு முறைச்சுக்கினே பெஞ்சு முழுக்க உட்கார்ந்தாரு. போனைப் பெரிய மானிட்டர்ல மாட்டினேன். கௌசல்யா ஓட்டினா. வாசல்ல, புது வீட்டுக்குத் திருஷ்டி கழிக்க வெச்ச பூசணிக்காய் முதற்கொண்டு அப்படியே இருந்துது. அஞ்சலை அக்கா வாயில முந்தானையை வெச்சுக்கினாங்க. “இருக்குது பாரு, எங்க வூடு இருக்குது பாரு”ன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்கினாங்க. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அதை ஏன் மறைக்கணும்.

பலகை பலகையா படிச்சுக்கினே போனோம். ‘கக்கூஸ் கதவு தோட்டம் பக்கம். அத்தை சொன்னது.’ ‘சாமிக்கு மாடம் போதும்.’ ‘இது கௌசல்யா படிக்கற எடம். யாரும் துணி போடக் கூடாது.’ ஒவ்வொண்ணுக்கும் ஒரு சண்டை ஞாபகம் வந்து ஒரே சிரிப்பு. சமையக்கட்டு வாசல்ல அந்தப் பலகை வந்துது: ‘ஜன்னல் ரெண்டு கட்டை. மேஸ்திரி ஒத்துக்கினாரு.’ மேஸ்திரி பாக்கெட்டுலேர்ந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கினாரு. ரெண்டு தடவை படிச்சாரு. “நான்தான் தட்டினேன்”னு முனகினாரு. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன், நான் தட்டலன்னு சாதிக்கல. கௌசல்யா உள்ள திரும்பினா. திரும்பினவ அப்படியே நின்னுட்டா. “அப்பா, இத நான் பாக்கவே இல்லியே!”

அடுப்புக்கு நேரா ஜன்னல் ரெண்டு கட்டை இல்ல, நாலு கட்டை. அந்தப் பக்கம் ஏரி முழுசா தெரியுது. கீழ ஒரு புதுப் பலகை: ‘நாலு கட்டை. அஞ்சலைக்கு. ஆறுமுகம்.’ அஞ்சலை அக்கா எழுத்தெழுத்தா கூட்டிப் படிச்சாங்க. மேஸ்திரிதான் முதல்ல பேசினாரு: “ஆறடி ஜன்னலா? மேல சுவரை லிண்டல் தாங்க வேணாமாடா?” ஆறுமுகம் தரையைப் பார்த்துக்கினு நின்னாரு. சரி, இன்னொரு தடவை ‘மாமா சொல்றபடி ஆவட்டும்’ வரப்போவுதுன்னு எனக்குக் கோவம் கோவமா வந்துது. ஆனா அவரு தலையை நிமிர்த்தினாரு. “கம்பி நான் கட்டறேன் மாமா. தாங்கும்”னாரு. மேஸ்திரி அவரையே பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வெச்சாரு. “நீ கட்டறதா இருந்தா சரி. ஆறடிக்கே சட்டம் சொல்லிடறேன்”னு எழுந்துட்டாரு.

நான் கையைத் தட்டப் போறேன், அஞ்சலை அக்கா திரும்பினாங்க. “ஆனி கடைசியில நான் பாக்கறப்போ ரெண்டுதானே இருந்துது? நாலு எப்ப ஆச்சு?” கௌசல்யா என்னைப் பார்த்தா. நான் ஜோசப் அண்ணனைப் பார்த்தேன். அவரு அணைச்சு வெச்சிருந்த சால்டரிங் ராடை எடுத்துக்கினு ரொம்ப மும்முரமாயிட்டாரு. ஆறுமுகம்தான் “ஆடியில”ன்னாரு. அந்த அக்கா புருஷனைப் பார்த்தாங்க, பொண்ணைப் பார்த்தாங்க, மானிட்டர்ல இருந்த ஏரியை ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் முகமெல்லாம் சிரிப்பா பொங்கிச்சு: “ஆடியில வெச்ச ஜன்னலா? அப்ப காத்துக்குக் கொறையே இருக்காது!”

உலகத்தைத் தேடிக் குடுக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க, அந்த வீட்டை முதல்ல அழிச்சது யாருன்னு கௌசல்யாகிட்ட இன்னிக்கு வரைக்கும் நான் மூச்சு விடாம இருக்கேன் பாருங்க, அதுதான் வித்தை, தயவுசெஞ்சு நீங்களும் சொல்லிடாதீங்க.